செங்கல்லும் சாந்தும்: கெல்லி மாளிகையைக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் பதிவு செய்தல்

முன்னுரை

பேராக் மாநிலத்தில் பத்து காஜாவிலிருந்து கோப்பேங் செல்லும் சாலையில், சுங்கை ராயாவின் ஓரமாக ஒரு மேட்டின்மேல் நிற்கும் கெல்லி மாளிகையை அறியாத மலேசியத் தமிழாசிரியர் அரியர். 'கெல்லிஸ் காசல்' என்ற பெயர்ப்பலகையின்கீழ் மாணவரை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்ட அனுபவம் பலருக்கும் இருக்கும். அம்மாளிகையைப் பற்றி வெளிவரும் படங்கள் பெரும்பாலும் இரண்டு வகையின. ஒன்று, சுற்றுலாத் துறைக்குரிய பளிச்சிடும் வண்ணப்படம். மற்றொன்று, கரிய வானமும் இருண்ட சன்னல்களுமாக அதனைப் பேய் வீடாகக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம். முதல் வகை கட்டடத்தை அழகுபடுத்துகிறது; இரண்டாம் வகை அச்சுறுத்துகிறது. இரண்டிலும் அதனைக் கட்டியவர் கைகள் தெரிவதில்லை.

இக்கட்டுரை அம்மாளிகையின் வரலாற்றை முழுமையாக எழுதப் புகவில்லை. பழைய கட்டடம் ஒன்றைக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் பதிவு செய்யும்போது எது தெரிகிறது, எது மறைகிறது, அதனை எவ்வாறு நம் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவருவது என்பனவற்றை விளக்குவதே இதன் நோக்கமாகும். செயல்முறைச் செய்திகளை ஓரளவு விரிவாகவே கூற வேண்டியுள்ளது. ஒரு பில்டரைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் கவனக்குறைவே ஒரு சான்றை அழித்துவிடக்கூடும் என்பதை நான் என் சொந்தப் பிழையின்வழியே அறிந்தேன்.

மாளிகையும் கட்டியோரும்

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தம் 20 வயதளவில் மலாயா வந்து, சார்லஸ் அல்மா பேக்கர் என்பவருடன் சேர்ந்து கிந்தாப் பகுதியில் காடழிக்கும் பணியில் ஈடுபட்டுப் பொருளீட்டினார். பின்னர் ரப்பரிலும் ஈயத்திலும் முதலிட்டு, கிந்தா கெல்லாஸ் தோட்டத்தை உருவாக்கினார். முதலில் கட்டிய கெல்லாஸ் இல்லம் போதாதென்று கருதி, 1915-ஆம் ஆண்டளவில் அதனை ஒட்டியே இப்பெரிய மாளிகையைத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், மின்தூக்கிக்கென விடப்பட்ட செங்குத்துக் கூடு, குதிரை லாட வடிவ வளைவுகள் முதலியவற்றைக் கொண்ட அம்மாளிகை முற்றுப்பெறவில்லை. 1926-இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியாவால் இறந்தார். குடும்பத்தினர் திரும்பி வரவில்லை, சொத்து விற்கப்பட்டது.

நம் துறையினருக்கு இவ்வரலாற்றில் முதன்மையானது வேறொரு செய்தி. இக்கட்டட வேலைக்கெனச் சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் 70 பேர் என்று பரவலாகக் கூறப்படுகிறது. முதல் உலகப் போரின் இறுதியில் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் இவர்களையும் தாக்கியது. மாரியம்மனுக்குக் கோயில் எடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதற்கிணங்க, மாளிகையிலிருந்து சற்றுத் தொலைவில் ஸ்மித் கோயில் கட்டித் தந்தார் என்பது வழக்கிலுள்ள வரலாறு. அக்கோயிலின் மேற்புறத்தில் தெய்வ உருவங்களோடு வெள்ளை உடையும் தொப்பியுமாக ஸ்மித்தின் உருவமும் இடம்பெற்றுள்ளது.

ஆக, ஸ்மித்திற்கு மாளிகை இருக்கிறது, சிலையும் இருக்கிறது. கொத்தர்களுக்கு இருப்பது சுவர் மட்டுமே. முற்றுப்பெறாத கட்டடம் என்பதால் பூச்சு இல்லாத இடங்களும் பூச்சு உதிர்ந்த இடங்களும் பல உள்ளன. அங்கெல்லாம் செங்கல் வரிசையும் சாந்துக் கோடும் கரணை இழுத்த தடமும் கண்ணுக்கு நேராக நிற்கின்றன. கட்டி முடிக்கப்பட்டுப் பூசி மெழுகப்பட்ட மாளிகையில் இவை நமக்குக் கிடைத்திரா.

சிவப்புப் பில்டரால் நேர்ந்த பிழை

2011-ஆம் ஆண்டில் முதன்முறையாக இம்மாளிகையை முறையாகப் படமெடுக்கச் சென்றேன். முதல் நாள் இரவு நல்ல மழை. மறுநாள் காலை வானம் தெளிந்த நீலமாக இருந்தது. கறுப்பு வெள்ளைப் படக்கலை நூல்கள் யாவும் கட்டடத்திற்குச் சிவப்புப் பில்டரைப் பரிந்துரைக்கும். நீல வானத்தின் ஒளியைச் சிவப்புக் கண்ணாடி தடுத்துவிடுவதால், அச்சில் வானம் ஏறத்தாழக் கறுப்பாகவும் கட்டடம் அதன்முன் வெண்மையாகவும் எழுந்து நிற்கும். அவ்வாறே செய்தேன். படங்கள் மிக அழகாக வந்தன. கண்டவர்கள் பாராட்டினர். அவற்றுள் ஒன்றைப் பெரிதாக்கி என் அறைச் சுவரிலும் மாட்டினேன்.

அப்படத்தை ஒரு மாணவி நெருங்கிப் பார்த்துவிட்டு, "இது செங்கல் சுவரா, சிமெண்டு பூசினதா சார்?" என்று கேட்டார். அப்போதுதான் நானும் உற்று நோக்கினேன். செங்கல் சுவரே, ஆனால் செங்கல் தெரியவில்லை. சாந்துக் கோடுகள் மறைந்து, சுவர் முழுவதும் ஒரே வெளிறிய பரப்பாகக் கிடந்தது.

காரணம் எளிது. கறுப்பு வெள்ளைப் படச்சுருள் நிறத்தை அறியாது. ஒளியின் அளவை மட்டுமே அறியும். செங்கல் சிவப்பொளியை மிகுதியாகவும், பச்சை, நீல ஒளிகளைக் குறைவாகவும் திருப்பியனுப்புகிறது. சுண்ணாம்புச் சாந்து எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில் திருப்பியனுப்புகிறது. சிவப்புப் பில்டரை மாட்டியவுடன் பச்சையும் நீலமும் தடைபடுகின்றன. எஞ்சிய சிவப்பொளியில் செங்கல்லும் சாந்தும் ஏறத்தாழச் சமம். இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் பதியும்போது அவற்றுக்கிடையே உள்ள கோடு அழிந்துபோகிறது. வானத்தை அழகாக்கும் பொருட்டு நான் சுவரை அழித்திருந்தேன்.

இதனோடு இன்னொரு விளைவும் உண்டு. வெயில் நாளில் நிழற்பகுதிகளுக்கு ஒளி தருவது பெரும்பாலும் நீல வானமே. நீலத்தைத் தடுக்கும் சிவப்புப் பில்டர் நிழல்களையும் கறுப்பாக்கிவிடுகிறது. வளைவுகளின் உட்புறம், சன்னல்களின் உட்பகுதி, நடைக்கூடம் ஆகியன கருங்குழிகளாக மாறுகின்றன. கெல்லி மாளிகையின் 'பேய் வீடு' என்ற தோற்றத்திற்குக் கதைகள் ஒரு பங்கு காரணமென்றால், இச்சிவப்புக் கண்ணாடியும் ஒரு பங்கு காரணம் என்பது என் கருத்து.

மறுமுறை சென்றபோது இளம்பச்சைப் பில்டரைப் பயன்படுத்தினேன். பச்சைக் கண்ணாடி செங்கல்லின் சிவப்பொளியைத் தடுப்பதால் செங்கல் கருத்து, சாந்து வெளுத்து, ஒவ்வொரு வரிசையும் எழுத்துப்போல் தெளிவாகிறது. சுவரில் படர்ந்த பாசியும் செடியும் சற்று வெளிறித் தெரிவதால், அவை செங்கல்லின் கருமையோடு கலந்துவிடுவதில்லை. வானம் கறுக்காது, அது போகட்டும். ஐ.எஸ்.ஓ. 125 வேகமுள்ள படச்சுருளில் ஒளிமானி எஃப்/11, 1/60 நொடி என்று காட்டினால், இப்பில்டருக்கு 4 மடங்கு ஒளி தேவைப்படுவதால் எஃப்/11, 1/15 நொடி என்று மாற்ற வேண்டும். சிவப்புப் பில்டருக்கு இதுவே 8 மடங்காகும். நம் நாட்டில் பெரும்பாலான நாள்களில் வானம் நீலமாக இல்லாமல் வெண்மேகம் மூடிக் கிடப்பதால், சிவப்புப் பில்டரால் வானத்திற்கும் பயனில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வெள்ளை வானத்தை எந்தப் பில்டராலும் கறுப்பாக்க இயலாது.

இம்முறையில் எடுத்த நெகட்டிவ் ஒன்றில் ஒரு சன்னல் வளைவின் இரு பக்கங்களும் தெளிவாகப் பதிந்துள்ளன. இடப்பக்கச் சாந்துக் கோடுகள் மெல்லியனவாகவும் சீராகவும் உள்ளன. வலப்பக்கத்தில் சற்றுத் தடித்து, மேலேறும்தோறும் தளர்கின்றன. இரண்டு கொத்தர்களா, ஒரே கொத்தரின் காலையும் மாலையுமா என்று கேட்கத் தோன்றுகிறது. முதற்பயணத்தின் அழகிய படத்தை வைத்துக்கொண்டு இவ்வினாவை எழுப்பவே முடியாது.

பழைய படங்களை ஒப்பிடுங்கால்

மேற்கூறிய செய்தி பழைய புகைப்படங்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர்க்கும் பயன்படுவதாகும். இம்மாளிகை எழுந்துகொண்டிருந்த காலத்தில் பொதுவாகப் புழங்கிய படத்தகடுகளும் சுருள்களும் சிவப்பொளியை உணராதவை. எல்லா நிறத்தையும் உணரும் படச்சுருள் பரவலானது அதற்குப் பிற்பட்ட காலத்திலேயே. ஆகவே அக்காலப் படங்களில் செங்கல் கட்டடங்கள் உண்மையைவிடக் கருத்தும், வானம் வெறும் வெள்ளையாகவும் காணப்படும். 1915-ஆம் ஆண்டுப் படத்தில் கறுப்பாகவும் இன்றைய படத்தில் வெளிறியும் ஒரு சுவர் தோன்றினால், சுவர் நிறம் மாறிவிட்டது என்று உடனே முடிவு கட்டலாகாது. மாறியது படச்சுருளாக இருக்கலாம்.

சுவருக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேர்ந்தது. தோட்டப்புறக் குழுப்படங்களை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். நடுவில் வெள்ளை உடையில் துரை, சூழத் தொழிலாளர். துரையின் முகத்தில் மீசையின் நுனிவரை தெரியும். தொழிலாளரின் முகங்கள் கருந்திட்டுகளாக இருக்கும். சிவப்பை உணராத தகடு பழுப்புநிறத் தோலை உண்மையைவிடக் கருமையாகப் பதிவு செய்தது ஒரு காரணம். வெள்ளை உடை வெளுத்துவிடாதபடி ஒளியைக் குறைத்து எடுத்தது மற்றொரு காரணம். படமெடுத்தவருக்குத் தீய எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. யார் முகத்திற்கு ஒளியை அளந்தார் என்பதே போதும். இத்தகைய படங்களை வகுப்பில் காட்டும் ஆசிரியர்கள் இக்காரணங்களையும் மாணவர்க்குச் சொல்லிவிடுவது நன்று. இல்லையேல் முகமற்றவர்களாகவே அவர்கள் மாணவர் மனத்தில் பதிந்துவிடுவர்.

தமிழ்நாட்டுக் கட்டடங்களை முதன்முதலில் விரிவாகப் படமெடுத்தோருள் ஒருவரான லின்னேயஸ் டிரைப்பும் இத்தகைய இடர்ப்பாட்டையே எதிர்கொண்டார். 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட அவர், 1858-இல் தஞ்சையிலும் மதுரையிலும் மெழுகூட்டிய காகித நெகட்டிவ்களில் படமெடுத்தார். அக்காகிதம் நீல ஒளிக்கே மிகுதியும் வினையாற்றியதால் வானம் வெறுமையாகப் பதிந்தது. டிரைப் நெகட்டிவின்மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். கறுப்பு வெள்ளைப் படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்று நம்புவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அவர் தீட்டியது வானத்தை. தூண்களையும் சுவர்களையும் அன்று. திருமலை நாயக்கர் மகாலை நேப்பியர் பிரபு 1866-க்குப் பின் ஆளுநராக இருந்த காலத்தில் பழுதுபார்ப்பதற்கு முன்னர் அது எந்நிலையில் இருந்தது என்பதை இன்று அப்படங்களில் காண்கிறோம்.

வெயிலின் நேரம்

காலையும் மாலையுமே படமெடுக்க ஏற்ற நேரம், நண்பகல் ஆகாது என்பது பொதுவான அறிவுரை. மிதவெப்ப நாடுகளில் எழுதப்பட்ட நூல்களிலிருந்து அது நமக்கு வந்தது. சுவரின் மேடுபள்ளம் தெரிய வேண்டுமானால் ஒளி சுவரைத் தடவிக்கொண்டு செல்ல வேண்டும், நேராக விழக்கூடாது. பத்து காஜா வடக்கு 4½ பாகையில் உள்ளது. இங்கே நண்பகல் வெயில் ஏறத்தாழ உச்சியிலிருந்து இறங்குவதால், அது செங்குத்துச் சுவர்களைத் தடவியே செல்கிறது. கிழக்குச் சுவரை உச்சிவேளைக்குச் சற்று முன்னரும், மேற்குச் சுவரைச் சற்றுப் பின்னரும் எடுத்தால், சாந்துக் கோட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் மெல்லிய நிழல் தங்கும். இங்லாந்தில் கற்ற பாடத்தை இவ்விடத்தில் நான் மறக்க வேண்டியதாயிற்று.

உச்சிவேளை என்பதைக் கடிகாரத்தின் 12 மணி என்று கொள்ளக்கூடாது. தீபகற்ப மலேசியா 1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து கிழக்கு 120 பாகைக்குரிய நேரத்தைப் பின்பற்றி வருகிறது. பத்து காஜாவோ 101 பாகையில் உள்ளது. ஆகவே அங்கே கதிரவன் உச்சிக்கு வருவது ஏறத்தாழப் பிற்பகல் 1.15 மணிக்கு. மேலும், வடக்குச் சுவருக்கு ஜூன் மாதத்தை ஒட்டியும், தெற்குச் சுவருக்கு டிசம்பரை ஒட்டியுமே நண்பகல் வெயில் கிடைக்கும். டிசம்பரில் மழை. தெற்குச் சுவருக்காக நான் மூன்று முறை சென்று இரண்டு முறை நனைந்து திரும்பினேன்.

தூக்குக்குண்டும் கேமராவும்

உயரமான கோபுரத்தை முழுமையாகப் படத்திற்குள் அடக்க, யாரும் கேமராவை மேல்நோக்கிச் சாய்ப்பர். சாய்த்தவுடன் இணையாக நிற்கும் சுவர்கள் மேலே குவிந்து, கட்டடம் பின்னால் விழுவதுபோல் தோன்றும். கொத்தர் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கண்ணை மூடிப் பார்த்துச் செங்குத்தாக எழுப்பிய சுவரை, நாம் ஒரு நொடியில் கோணலாக்கிவிடுகிறோம். இது கண்ணுக்கு ஏற்படும் குறை மட்டுமன்று. அத்தகைய படத்திலிருந்து சுவரின் சாய்வையோ வளைவின் அளவையோ கணிக்க முற்படின் பிழையே விளையும்.

கேமராவின் பின்பக்கம் சுவருக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதே விதி. 4×5 அங்குலத் தாள்படச்சுருளைப் பயன்படுத்தும் பெரிய கேமராவில் உடலைச் சாய்க்காமலே லென்சை மட்டும் மேலே உயர்த்தலாம். அது இல்லாதவர் மட்டக்குழாய் பொருத்திய முக்காலியில் கேமராவை நேராக நிறுத்தி, போதுமான தொலைவு பின்னே சென்று எடுத்து, முன்னேயுள்ள தரையை அச்சிடும்போது வெட்டிவிடலாம். அமெரிக்காவில் 1933-இல் தொடங்கப்பட்ட வரலாற்றுக் கட்டடப் பதிவுத் திட்டம் பல பத்தாண்டுகள் 4×5 அங்குலமோ அதனினும் பெரியதோ ஆன கறுப்பு வெள்ளை நெகட்டிவையே கேட்டு வந்தது. அளவுத் துல்லியமும் நெடுநாள் நிலைபேறுமே அதற்குக் காரணங்கள். நம் துறை வசதிக்கு அது மிகை எனினும், மட்டக்குழாய் வாங்கப் பெருஞ்செலவு ஆகாது.

நடைக்கூடத்தின் இருள்

மாளிகையின் உட்புறமே படமெடுப்பவர்க்கு உண்மையான சோதனை. நடைக்கூடத்தின் உட்சுவர் இருளில் இருக்க, வளைவுகளுக்கு வெளியே வெயில் எரிக்கும். ஒளிமானி எதனைக் காட்டினாலும் அதனை நடுச் சாம்பல் நிறம் என்றே கருதும். கறுப்பு, வெள்ளை என்ற வேறுபாடு அதற்கில்லை. ஆன்செல் ஆடம்சும் பிரெட் ஆர்ச்சரும் 1939-40 ஆண்டுகளை ஒட்டி வகுத்த மண்டல முறை இவ்விடத்தில் கைகொடுக்கிறது. முழுக் கறுப்பிலிருந்து தூய வெள்ளைவரை உள்ள நிறப்படியை 0 முதல் 10 வரையான மண்டலங்களாக அம்முறை பகுக்கிறது. ஒளிமானி தருவது 5-ஆம் மண்டலம்.

ஓர் எடுத்துக்காட்டு. உட்சுவரின் இருண்ட செங்கல்லை அளந்தபோது எஃப்/8, 1/4 நொடி என்று வந்தது. அவ்வாறே எடுத்தால் இருண்ட சுவர் நடுச் சாம்பலாகிவிடும். செங்கல் தெரியவும் வேண்டும், இருளாகவும் இருக்க வேண்டும் என்றால் அது 3-ஆம் மண்டலத்தில் விழ வேண்டும். ஆகவே இரண்டு ஸ்டாப் குறைத்து 1/15 நொடி. வெளியே வெயிலில் நிற்கும் பூச்சுச் சுவரோ எஃப்/8, 1/500 நொடி காட்டுகிறது. உட்சுவரைவிட 7 ஸ்டாப் மிகுதி. உட்சுவர் 3-இல் நின்றால் வெளிச்சுவர் 10-இல், அதாவது எந்த விவரமும் இல்லாத வெள்ளையில், போய் நிற்கும். அதனை 8-ஆம் மண்டலத்திற்கு இறக்க வேண்டும். இதற்கு ஒரே வழி, படச்சுருளைக் கழுவும் நேரத்தைக் குறைப்பதாகும். நெகட்டிவின் இருண்ட பகுதிகள், அதாவது காட்சியின் வெளிச்சப் பகுதிகள், நேரத்தைக் குறைத்தால் வெகுவாகக் குறையும். நிழற்பகுதிகள் அத்துணை மாறா. இல்ஃபோர்டு எஃப்.பி.4 பிளஸ் படச்சுருளுக்கு, ஒன்றுக்கு ஒன்று நீர் கலந்த ஐ.டி.11 டெவலப்பரில் 20 பாகை செல்சியசில் 11 நிமிடம் என்பது நிறுவனத்தார் தரும் அளவு. இத்தகைய காட்சிக்கு நான் அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, ஏழரை நிமிடத்தை ஒட்டி நிறுத்துகிறேன்.

மின்தூக்கிக் கூட்டின் உட்புறம்போல் மிக இருண்ட இடங்களில் ஒளிமானி 10 நொடி என்று காட்டும்போது, 10 நொடி போதாது. நெடுநேரம் திறந்து வைக்கும்போது படச்சுருளின் உணர்திறன் தளர்ந்துவிடுவதால், மேற்கூறிய படச்சுருளுக்கு ஏறத்தாழ 18 நொடி தேவை. 30 நொடிக்கு 70 நொடியைத் தாண்டும். இதில் ஒரு வசதியும் உண்டு: அந்நேரத்தில் குறுக்கே நடந்துபோகும் சுற்றுலாப் பயணிகள் படத்தில் பதிவதே இல்லை. டிரைப்பின் படங்களில் ஆளரவமற்று நிற்கும் கோயில் பிராகாரங்கள் உண்மையில் வெறுமையாக இருந்தன என்று கொள்ள வேண்டியதில்லை.

இருட்டறையின் நீர்

ஆய்வு மாணவனாக இங்கிலாந்தில் இருந்தபோது, குளிர்காலத்தில் இருட்டறைக் குழாய்நீரைச் சூடாக்கி 20 பாகைக்குக் கொண்டுவருவேன். கோலாலம்பூரில் குழாய்நீர் 28 பாகையை ஒட்டி வருகிறது. டெவலப்பரை மட்டும் பனிக்கட்டியால் குளிர்வித்துவிட்டு, அலசுவதற்கு வெதுவெதுப்பான குழாய்நீரைத் திறந்துவிட்டதால், என் தொடக்ககால நெகட்டிவ்கள் சிலவற்றில் ஜெலட்டின் படலம் பருத்து இளகி, விரல் பட்ட இடமெல்லாம் கீறல் விழுந்தது. எல்லாக் கரைசல்களும் அலசும் நீரும் ஒரே வெப்பத்தில் இருப்பதே முக்கியம். பனிக்கட்டி கிடைக்காதபோது எல்லாவற்றையும் 24 பாகையில் வைத்து, கழுவும் நேரத்தைப் பட்டியலைப் பார்த்துக் குறைத்துக்கொள்வது 20 பாகைக்காகப் போராடுவதைவிட நல்லது. பனிக்கட்டியை நேரே டெவலப்பரில் இடலாகாது. நெகிழிப் பையில் கட்டியே இட வேண்டும். உருகிய நீர் கரைசலைத் தளர்த்திவிடும்.

கோயில்

இரண்டாம் பயணத்தின்போது மாளிகையின் படங்களை முடித்துவிட்டு மாரியம்மன் கோயில் பக்கமாக வந்தேன். கோயில் வாசலில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் நான் முக்காலியை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தம்பி, பங்களாவத்தான் எல்லாரும் எடுக்குறாங்க. கோயில எடுக்க மாட்டீங்களா?" என்றார்.

படச்சுருள் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். அது பொய்யன்று; ஆயினும் கோயிலுக்கென ஒரு சுருளைக்கூட எடுத்து வைக்கவில்லை என்பதே முழு உண்மை. கட்டியவர்களின் கையைத் தேடி வந்ததாகச் சொல்லிக்கொண்ட நான், அவர்கள் தமக்கெனக் கேட்டுப் பெற்ற ஒரே கட்டடத்தை மறந்திருந்தேன்.

அடுத்த முறை கோயிலைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். அது சரியாக அமையவில்லை. பல வண்ணம் தீட்டிய தெய்வ உருவங்கள் யாவும் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட, வெள்ளை உடையணிந்த ஸ்மித்தின் உருவம் மட்டும் தனித்துத் தெரிந்தது. குழுப்படத்தில் துரைக்குக் கிடைத்த அதே சிறப்பு, சுதையிலும் அவருக்குக் கிடைத்துவிட்டது. அங்கே நிறமே உருவங்களைப் பிரித்துக் காட்டுகிறது. நிறத்தை நீக்கினால் மாரியம்மனும் மறைந்துவிடுகிறாள். எனவே கோயிலுக்கு வண்ணப்படமே பொருந்தும். கறுப்பு வெள்ளைப் படமே ஆய்வுக்குரியது, வண்ணம் விளையாட்டுக்குரியது என்று கருதும் நண்பர்களோடு இவ்விடத்தில் நான் உடன்படவில்லை. மாளிகையின் சுவருக்குப் படச்சுருள். கோயிலின் சுதைக்கு வண்ணம். ஒரே தொழிலாளர் கூட்டத்தின் வரலாறு இவ்விரண்டிலும் பகிர்ந்து கிடப்பதால், இரண்டையும் ஒரே தொகுப்பில் வைக்கிறேன்.

நெகட்டிவைக் காத்தல்

எண்மக் கேமராவில் இவற்றையெல்லாம் இன்னும் எளிதாகச் செய்யலாமே என்ற வினா எழும். செய்யலாம். கணினியில் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைத்து, ஒரே படத்திலிருந்து செங்கல்லைக் கறுப்பாகவும் வெள்ளையாகவும் காட்டலாம். படச்சுருளின் பயன் அதன் தூய்மையில் இல்லை. நெகட்டிவைப் படிக்கக் கணினியோ மென்பொருளோ வேண்டியதில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும். என் முதற்பயணத்தில் உடன் எடுத்த எண்மப் படங்கள் இருந்த வன்தட்டு 2016-இல் செயலிழந்தது. நெகட்டிவ்கள் இருக்கின்றன.

ஆனால் அவையும் தாமாக இருந்துவிடுவதில்லை. நம் நாட்டின் ஈரக்காற்றில் ஜெலட்டின் படலத்தில் பூஞ்சை எளிதில் பற்றும். அசிடேட் அடித்தளம் கொண்ட படச்சுருள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதைந்து காடி நாற்றம் வீசத் தொடங்கும். ஒன்று நாறினால் பக்கத்தில் உள்ளதும் கெடும் என்பதால் அதனை உடனே பிரித்துவிட வேண்டும். குளிர்சாதன அறையில் பகலில் குளிர்வித்து இரவில் நிறுத்திவிடுவது, குளிர்விக்காமல் இருப்பதைவிடத் தீது. மாறி மாறி ஈரம் படியும். ஈரப்பதம் 40 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் உலர்பெட்டியில், அமிலமற்ற காகித உறைகளில் வைத்திருக்கிறேன்.

உறைமேல் பென்சிலால் எழுத வேண்டும், மை ஊறும். நாள், கடிகார நேரம், படச்சுருளின் பெயர், பில்டர், கழுவிய நேரம், நீரின் வெப்பம், எந்தச் சுவர், எந்தப் பக்கம் என்று வரிசையாக எழுதுகிறேன். பில்டரைக் குறிக்காத நெகட்டிவ், அகழ்ந்த குழி எதுவென்று தெரியாத பானையோட்டைப் போன்றது. கடைசி வரியில் 'கட்டியவர்' என்று எழுதி, முதல் உறைகளில் எல்லாம் வில்லியம் கெல்லி ஸ்மித் என்று நிரப்பியிருந்தேன். அவற்றை அழித்துவிட்டு, 'கட்டுவித்தவர்' என்று ஒரு வரியைச் சேர்த்து ஸ்மித்தின் பெயரை அங்கே மாற்றினேன். 'கட்டியவர்' என்னும் வரி இப்போது வெற்றாக இருக்கிறது. ஒரு பெயர் எழுதும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.